நகரிக்கு மேலே, கரண்டு இல்லாமல்

விமானம் என்றாலே எனக்குப் பயம். மஸ்கட்டில் வேலைக்குச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஊருக்கு வரவும் போகவும் விமானத்தை விட்டால் வேறு வழியில்லை. ஆனாலும் அந்தக் கலக்கம் இன்றுவரை தீரவில்லை. அப்படிப்பட்ட என்னைத்தான் என் அக்கா போனில் கூப்பிட்டு, "டேய் தம்பி, ஒரு நடை வந்துட்டுப் போடா. ஹேமாவுக்கு நீதான் புத்தி சொல்லணும். பிளேன் ஓட்னது போதும், வேற வேலை பாத்துக்க சொல்லு" என்றாள்.

ஹேமா அக்காவின் ஒரே மகள். திருப்பதிக்குப் பக்கத்தில், ரேணிகுண்டா விமான நிலையத்தில், ஒரு சின்னக் கம்பெனியில் பைலட். நாலு பேர் உட்காரும் விமானம். மேலே இருந்து நிலத்தை அளக்கிறவர்களையும் படம் பிடிக்கிறவர்களையும் ஏற்றிக்கொண்டு சுற்றுவது அவள் வேலை. ஆந்திர எல்லையோரம் இருக்கும் எங்கள் நகரியில் பவர்லூம் ஓட்டிப் பிழைக்கும் வீட்டிலிருந்து ஒரு பெண் பைலட் ஆனதில் தெருவுக்கே பெருமை. பெற்றவளுக்கு மட்டும் தூக்கம் போயிற்று. மகள் தரையில் இறங்கி மெசேஜ் போடும்வரை தட்டில் சோறு காய்ந்து கிடக்குமாம்.

தாய்மாமன் சொன்னால் பெண் தட்ட மாட்டாள் என்பது அக்காவின் நம்பிக்கை. எங்கள் பக்கத்தில் காதுகுத்திலிருந்து கல்யாணம்வரை தாய்மாமன் இல்லாமல் எதுவும் நடக்காது. அந்த உரிமை வேலையை விடச் சொல்வதுவரை நீளுமா என்று எனக்குச் சந்தேகம். ஆனால் அக்காவை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஆயுத பூஜையைச் சாக்காக வைத்து லீவு போட்டேன்.

முதல் நாள் சென்னையில் இறங்கி, நகரிக்குப் பஸ் பிடித்தேன். மழை. என் ஜன்னலின் ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வலது பக்கம் முழுக்க நனைந்து, இடது பக்கம் மட்டும் காய்ந்த மனுஷனாக உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் தெலுங்கில் ஆரம்பித்தார். "இவ்வளவு பெரிய பெட்டியோடு ஏறினால் மற்ற ஜனங்கள் எங்கே நிற்பார்கள்?" நான் தமிழில் மன்னிப்புக் கேட்டேன். அவர் உடனே தமிழுக்கு மாறி, அதே திட்டை முதலிலிருந்து திட்டினார். மஸ்கட்டில் என்னை யாராவது திட்டினால் பாதிதான் புரியும். எங்கள் எல்லையில் அந்தக் குறையே கிடையாது.

வீட்டுக்குள் நுழைந்தபோது தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் யாரும் யாரையும் நலம் விசாரிக்க முடியாது. சரியாக அந்த நேரம் கரண்டு போயிற்று. எல்லாத் தறியும் ஒரே நொடியில் நின்றது. வெளியே மழைச் சத்தம் கேட்டது. "நல்லா கீறியாடா?" என்றாள் அக்கா. எங்கள் வீட்டில் நலம் விசாரிப்பதே கரண்டு போனால்தான்.

ராகிக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் போட்டாள். "துன்னு, துன்னு. அந்த ஊர்ல ரொட்டியைத் துன்னு துன்னு காஞ்சி போயிட்டே." நான் காய்ந்து போகவில்லை, தொப்பைதான் போட்டிருந்தேன். அவள் கண்ணுக்கு அது தெரியாது. எனக்குப் போட்டுவிட்டு அவள் தட்டைத் தொடாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் சின்னதாக ஒரு சத்தம் போட்டது. அதன் பிறகுதான் உருண்டையைப் பிசைந்தாள்.

மறுநாள் இருவரும் திருப்பதிக்குப் போனோம். பஸ் நிலையத்துக்கு எதிரே ஓர் ஓட்டலில் ஹேமா காத்திருந்தாள். நெய்க் கார தோசை சொன்னாள். சிவப்பு மிளகாய் விழுது தடவி, மேலே பொட்டுக்கடலைப் பொடி தூவி வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் அழுகிறேன் என்று நினைத்துப் பக்கத்து மேசைக்காரர் தன் மனைவியிடம் தெலுங்கில், "பாவம், மருத்துவமனையில் யாரோ சீரியஸ் போலிருக்கிறது" என்றார்.

"நீ இன்னாத்துக்கு வந்தேன்னு தெரியும் மாமா" என்றாள் ஹேமா. "பேச்செல்லாம் அப்புறம். நாளைக்கு ஆயுத பூஜை. பூஜை முடிஞ்சதும் எங்க ஆபீஸ்ல வூட்டு ஆளுங்கள ஒரு ரவுண்டு இட்டுக்கினு போவ வுடுவாங்க. நீயும் வா, அம்மாவும் வரட்டும். எறங்கின அப்புறம் அம்மா வாயால வாணாம்னு சொன்னா, நான் வுட்டுடறேன். சத்தியமா."

அக்கா தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். "நெஜமாவா?"

"நெஜமாதான். ஆனா ஏறிப் பாத்துட்டு சொல்லணும்."

அக்காவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. ஒரு தடவை பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி இறங்கிவிட்டால் மகள் வீட்டோடு வந்துவிடுவாள். என் முகத்தில் வெளிச்சம் கிளிச்சம் எதுவும் வரவில்லை. புத்தி சொல்லத்தான் வந்தேன், அந்தச் சின்னப் பெட்டிக்குள் ஏற வரவில்லை. ஆனால் அக்காவே ஏறும்போது நான் எப்படி மாட்டேன் என்பது?

மூன்றாம் நாள் காலை ரேணிகுண்டா. மஸ்கட்டில் நான் ஏறுகிற விமானத்தின் ஒரு சக்கரம் அளவுக்குத்தான் ஹேமாவின் விமானம் இருந்தது என்று சொன்னால் மிகை, ஆனால் எனக்கு அப்படித்தான் பட்டது. மூக்கில் சந்தனம், குங்குமம். இறக்கையில் மாலை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். பொரி, கடலை, சுண்டல். கம்பெனியின் மூத்த பைலட்டை எல்லோரும் கேப்டன் என்றார்கள். தெலுங்குக்காரர், நரைத்த மீசை. பூசணிக்காயை உடைத்துவிட்டு, "நெருப்பு சமாச்சாரம் எல்லாம் வெளியோடு சரி, விமானத்துக்குள் கூடாது" என்று தெலுங்கில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு டிபனுக்குப் போனார்.

அக்கா நகரியிலிருந்தே கம்ப்யூட்டர் சாம்பிராணி வாங்கி வந்திருந்தாள். கிண்ணம் மாதிரி இருக்குமே, ஒரு முனையில் பற்றவைத்தால் தானே புகைந்துகொண்டிருக்கும், அதுதான். தறிக்கொட்டகையில் மூலை முடுக்கெல்லாம் காட்டாமல் அவளுக்கு ஆயுத பூஜை முடியாது. "உள்ள காட்டாத பூஜை ஒரு பூஜையா? என் திருப்திக்கு ஒரே ஒரு தபா" என்று கெஞ்சினாள். ஹேமா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தாள். "சீக்கிரம்மா. கேப்டன் வர்றதுக்குள்ள." அக்கா தட்டை உள்ளே நீட்டி, சீட்டுக்கு அடியில், மீட்டர்களுக்கு முன்னால், கூரைக்கு என்று எல்லா இடத்திலும் தாராளமாகக் காட்டினாள். பிறகு வெளியே கொண்டுபோய்த் தண்ணீரில் அணைத்தாள்.

ஹேமா இடது பக்கம் உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் நான். பின்னால் அக்கா. மூவருக்கும் காதில் ஹெட்போன். இஞ்சின் சத்தத்தில் அது இருந்தால்தான் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கும். ஓடுபாதையில் வேகம் பிடித்தபோது அக்கா "கோவிந்தா, கோவிந்தா" என்று ஆரம்பித்தாள். அது என் இரண்டு காதுக்குள்ளும் நேராக இறங்கியது.

"அம்மா, டவர் பேசறது கேக்கல. மனசுக்குள்ள சொல்லு."

அக்கா குரலைக் குறைத்தாள், ஆனால் நிறுத்தவில்லை. தரை எங்களை விட்டது. திருமலை எங்களுக்குப் பின்னால் போயிற்று. ஹேமா கிழக்கே திருப்பி, சென்னை ரோட்டை ஒட்டிப் பறந்தாள். உள்ளே சாம்பிராணி வாசனை கும்மென்று இருந்தது.

"இன்னும் மணக்குதே அக்கா" என்றேன்.

"ஒரு வாரத்துக்குப் போவாது மாமா. அம்மா அப்படிப் போட்டுட்டாங்க" என்று ஹேமா சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். பயந்தவர்கள் கொஞ்சம் அதிகமாகவே சிரிப்போம்.

வடமாலபேட்டை போனது. புத்தூர் போனது. நகரி மலையின் மூக்கு, அதாவது மூக்கு மாதிரியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த உச்சிப் பாறை, கண்ணுக்கு நேராக வந்தது. சின்ன வயசிலிருந்து அந்த மூக்கைக் கீழேயிருந்துதான் பார்த்திருக்கிறேன். ஹேமா இறக்கையைச் சாய்த்து, "அம்மா, கீழ பாரு" என்றாள். தகரக் கூரைகள், கோயில், ரயில் பாதை. அக்கா முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு தேடினாள். கோவிந்தா நின்றது.

"அதோ நம்ம வூடு. அய்யய்யோ, மோட்டார நிறுத்தாம வந்துட்டேன்டா. தொட்டி வழிஞ்சி மாடியெல்லாம் நனைஞ்சி கீது பாரு."

மகள் விமானத்தில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டிய முதல் காட்சியில் அவள் கண்ணுக்கு அகப்பட்டது அதுதான். ஆனால் குரலில் அவ்வளவு சந்தோஷம். எனக்குக்கூடத் தோன்றியது, இவள் கீழே போய் வாணாம் என்று சொல்லமாட்டாள் போலிருக்கிறதே என்று.

அப்போதுதான் ஹெட்போனில் கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. முன்னால் இருந்த திரை ஒரு தடவை அணைந்து எரிந்தது. என் முழங்காலுக்கு மேலே, மீட்டர் பலகையின் அடியிலிருந்து, மெல்லிசாக ஒரு புகை எழுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கண்ணால் புகையைப் பார்த்த பிறகும் சாம்பிராணி என்றுதான் எனக்குப் பட்டது. எங்கேயோ ஒரு துண்டு விழுந்து கிடக்கிறது போல என்று குனிந்து தேடினேன். தொண்டை கசந்தது. கண் எரிந்தது.

ஹேமா மூக்கை உறிஞ்சினாள். "முட்டிய நகத்து மாமா." கையை நீட்டிப் பலகையைத் தொட்டுப் பார்த்தாள். "இது சாம்பிராணி இல்ல. ஒயரு எரியுது."

அவள் டவரைக் கூப்பிட்டாள். பதிலாக வெறும் இரைச்சல்தான் வந்தது. "எல்லா கரண்டையும் ஆஃப் பண்ணப் போறேன். இஞ்சின் நிக்காது. ஹெட்போன் மட்டும்..." அதற்குமேல் கேட்கவில்லை. சிவப்பு ஸ்விட்சை அமுக்கிவிட்டாள். திரை செத்தது. விளக்குகள் செத்தன. அக்காவின் மூச்சுச் சத்தம்கூட என் காதிலிருந்து போய்விட்டது.

கரண்டு போனால் எல்லாம் நிற்கும் என்பதுதான் பிறந்ததிலிருந்து நான் கண்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு இஞ்சின் நிற்பதற்காகக் காத்திருந்தேன். நிற்கவில்லை. அது தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு வேண்டிய தீப்பொறியை அதுவே உண்டாக்கிக்கொள்ளும், விமானத்தின் கரண்டோடு அதற்குச் சம்பந்தமில்லை என்று ஹேமா அப்புறம் விளக்கினாள். அப்போது எனக்கு அது தெரியாது. ஒவ்வொரு மூச்சுக்கும், இதோ இப்போது நிற்கப்போகிறது என்றே இருந்தது.

ஹேமா காற்று வரும் ஓட்டைகளை எல்லாம் மூடினாள். காற்றுப் பட்டால் நெருப்பு வளரும் அல்லவா. சீட்டுக்கு அடியில் இருந்த சின்ன சிவப்புத் தீயணைப்பு சிலிண்டரைக் கையைக் காட்டிக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன், கொடுப்பதற்குள் இரண்டு தடவை கைநழுவவிட்டேன். டார்ச் அடித்துப் பலகையின் அடியில் பார்த்தாள். ஒரு தடவை பீய்ச்சினாள். புகை நெஞ்சை அடைத்தது. மூவரும் இருமினோம். அப்புறம் ஜன்னலைத் திறந்தாள். காற்று ஊளையிட்டுக்கொண்டு வந்து புகையை அள்ளிக்கொண்டு போனது.

திரும்பிப் பார்த்தேன். ஒயர் எரிகிறது என்றதற்குமேல் அக்காவுக்கு ஒன்றுமே தெரியாது. ஹெட்போன் செத்ததிலிருந்து நாங்கள் பேசியது எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. வாய் மட்டும் அசைந்தது. இன்னாடா என்று கேட்கிறாள். "ஒண்ணுமில்ல, திரும்பிப் போறோம்" என்று கத்தினேன். என் குரல் கிறீச்சிட்டது எனக்கே கேட்டது. அவள் நம்பவில்லை. மகளின் தோளைத் தொடக் கையை நீட்டினாள். தோளுக்குச் சற்று முன்னால் கை நின்றது. அதை இழுத்துக்கொண்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, மேலே உட்கார்ந்துகொண்டாள்.

ஹேமா ரோட்டைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பினாள். என் காதருகே குனிந்து கத்திச் சொன்னாள். "மறுபடி பொகை வந்தா வயல்ல எறக்கிடுவேன். இல்லன்னா ரேணிகுண்டா. என் போன எடு. கேப்டனுக்கு மெசேஜ் போடு. ரேடியோ இல்ல, பொகை வந்துச்சு, திரும்பி வரோம்னு."

போனை எடுத்தேன். விரல் எழுத்தில் படவில்லை. ரேடியோ என்பதை எப்படி அடித்தேன் என்று எனக்கே தெரியாது. அனுப்பினேன். ஒரு டிக்தான் விழுந்தது. இரண்டாவது டிக்குக்காகப் பார்த்தேன், பார்த்தேன், வரவே இல்லை. கீழே வயல்களைப் பார்க்க ஆரம்பித்தேன். நெல் வயலில் தண்ணீர் நிற்கும், சக்கரம் புதைந்துவிடும். வேர்க்கடலை பிடுங்கின கொல்லை பரவாயில்லை. அதில் கரண்டுக் கம்பி போகிறது. மாந்தோப்பு வேண்டவே வேண்டாம். இப்படி ஒவ்வொரு கொல்லையாக எங்களைப் புதைக்கத் தோதான இடம் தேடுகிறவனைப் போல நான் பார்த்துக்கொண்டே வந்தேன். நான் ஊருக்கு வந்தது மட்டும்தான் என் மனைவிக்குத் தெரியும், இதில் ஏறியது தெரியாது. அது நினைவுக்கு வந்ததும் அழுகை வந்தது.

வடமாலபேட்டை டோல்கேட்டில் லாரிகள் வரிசையாக நின்றன. கீழே இறங்கி அந்த வரிசையில் நாள் முழுக்க நிற்கச் சொன்னாலும் சந்தோஷமாக நின்றிருப்பேன்.

ரேணிகுண்டா ஓடுபாதை தெரிந்தது. "ரேடியோ இல்லாத பிளேனுக்கு டவர்லேர்ந்து லைட் அடிப்பாங்க" என்று ஹேமா கத்தினாள். "பச்சைன்னா எறங்கலாம். செகப்புன்னா சுத்திக்கினே இருக்கணும். நீயும் பாரு மாமா."

பார்த்தேன். வெயிலில் டவரின் கண்ணாடி எல்லாம் மின்னியது, எது லைட், எது வெயில் என்று பிரியவில்லை. அப்புறம் தெரிந்தது. சிவப்பு.

"செகப்பு" என்றேன். அவளும் பார்த்துவிட்டாள். எங்களுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு பெரிய விமானம் சக்கரத்தை நீட்டிக்கொண்டு இறங்க வந்துகொண்டிருந்தது. நாங்கள் விலகிச் சுற்ற வேண்டும். ஹேமா திருப்பினாள். சுற்றில் பாதி போயிருப்போம், மறுபடியும் அந்தக் கசப்பு வாசனை வந்தது.

என்னால் இனி முடியாது என்று ஆகிவிட்டது. "எறக்கிடும்மா, எங்கயாச்சும் எறக்கிடு" என்று அவள் கையைப் பிடித்துவிட்டேன். அவள் கோபப்படவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, குனிந்து பலகையின் அடியில் பார்த்தாள். புகை இல்லை, பழைய வாசனைதான். ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். ஓடுபாதையை நோக்கித் திரும்பினாள்.

பச்சை. மாறாமல், அணையாமல், நேராக எங்கள் மேல் பச்சை விழுந்தது. "பச்சை, பச்சை" என்று நான் அலறிக்கொண்டே இருந்தேன்.

இறக்கையின் பின்பக்கத்தைக் கீழே மடக்கினால்தான் இந்த விமானம் மெதுவாக இறங்கும். அதை மடக்கவும் கரண்டு வேண்டும். அதனால் வழக்கத்தைவிட வேகமாக வந்தோம். தரை மேலே ஏறி வந்தது. சக்கரம் பட்டது, எழும்பியது, மறுபடி பட்டது. ஓடுபாதை தீரப்போகிறது என்று நினைத்தபோது நின்றோம். ஹேமா இஞ்சினை அணைத்தாள். "வெளிய, வெளிய. ஓடுங்க."

தீயணைப்பு வண்டி எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றது. நான் அனுப்பிய மெசேஜ் போய்ச் சேர்ந்திருந்தது. கேப்டன் அதைப் பார்த்துத்தான் டவருக்குப் போன் செய்திருக்கிறார். தீயணைப்புக்காரர் ஒருவர் ஹேமாவைப் பார்த்துவிட்டு இன்னொருவரிடம், "இந்தப் பெண்ணா ஓட்டிவந்தது?" என்று தெலுங்கில் கேட்டார். அக்கா புல்லில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் பக்கத்தில் வாந்தி எடுத்தேன்.

பிறகு கேப்டனின் அறை. பலகைக்குப் பின்னால் ஒரு ஒயர் எதிலோ உராய்ந்து உராய்ந்து தோல் தேய்ந்து போயிருந்ததாம். சாம்பிராணிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதைக் கேட்டு அக்கா மூச்சு விட்டாள். கேப்டன் ஹேமாவைத் தெலுங்கில் கேட்டார், "முதலில் எப்போது வாசனை வந்தது?"

அவள் நினைத்திருந்தால், நகரிக்கு மேலே என்று சொல்லியிருக்கலாம். சாட்சி நாங்கள் இரண்டு பேர்தான், நாங்களா காட்டிக்கொடுப்போம்?

"ஏறின கொஞ்ச நேரத்துலயே வந்திருக்கும் சார். உள்ள சாம்பிராணி காட்ட நான்தான் வுட்டேன். அதனால அந்த வாசனைன்னு நெனச்சிட்டேன். இல்லன்னா புத்தூருக்கு முன்னாடியே திரும்பியிருப்பேன்."

அக்கா எழுந்தாள். "சார், சாம்பிராணி போட்டது நானு. பூஜைக்குத்தான் போட்டேன். பழிய அவ மேல போடாதீங்க." தமிழில் பாதி, தெலுங்கில் பாதி சொன்னாள்.

"நீங்கள் போட்டது உங்கள் பக்தி அம்மா" என்றார் கேப்டன். "உள்ளே விட்டது இவள் தவறு. இறக்கியதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் விசாரணை முடியும்வரை இவள் விமானத்தைத் தொட முடியாது. மறுபடி விமானத்தைக் கொடுப்பார்களா என்பது என் கையில் இல்லை."

சாயங்காலம் திருப்பதியில் நாங்கள் தங்கியிருந்த லாட்ஜுக்குத் திரும்பினோம். சின்னக் குழந்தை மாதிரி ஹேமா மூலையில் சுருண்டு கிடந்தாள். இட்லி வாங்கி வந்தேன், தொடவில்லை. கொஞ்சம் பொறுத்து எழுந்து உட்கார்ந்து, "அம்மா, நான் வாக்கு குடுத்தேன் இல்ல. நீ வாணாம்னு சொல்லு. அவங்க சொல்றதுக்கு முன்னாடி நானே எழுதிக் குடுத்துடறேன்" என்றாள்.

சொல்லிவிடு அக்கா, சொல்லிவிடு என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். கண்ணை மூடினால் சிவப்பு லைட்தான் தெரிந்தது. ஆனால் அக்கா, "காலையில நான் மலைக்குப் போவணும். தம்பி நீ கூட வா" என்றாள்.

நாலாம் நாள் மலைக்குப் பஸ். ஹேமா வரவில்லை, கீழேயே படுத்திருந்தாள். வளைவுக்கு வளைவு நான் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தேன். பக்கத்தில் ஒரு தெலுங்குக் குடும்பம் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தது. எனக்கு அந்த வாசனையே ஆகவில்லை. எந்த வாசனை வந்தாலும் எங்கே எரிகிறது என்று தேடினேன். அக்கா ஜன்னல் வழியே பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு அசையாமல் வந்தாள்.

மேலே போனதும் நேராக முடி காணிக்கை கொடுக்கும் மண்டபத்துக்குள் நடந்தாள். என்னை வெளியே நிற்கச் சொன்னாள். திரும்பி வந்தபோது முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. மொட்டைத் தலையில் சந்தனம் ஈரமாக இருந்தது. இடுப்புவரை முடி அவளுக்கு. கல்யாணமான நாளிலிருந்து ஒரு விரல்கடை வெட்டியதில்லை.

"உசுரோட எறங்கினோமே, அதுக்கா?" என்று கேட்டேன்.

"அதுக்கு நேத்து புல்லுலயே கும்புட்டாச்சு" என்றாள். "இது அவளுக்கு மறுபடி வண்டியக் குடுக்கணும்னு."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "வேலைய வுட சொல்லத்தானே என்ன அங்கேர்ந்து வரவழைச்சே? அவளே வுடறேன்றா. நேத்து அவ்ளோ நடந்தும் உனக்கு பயமா இல்ல?"

"பயமா இல்லியா?" அவள் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். "பின்னாடி உக்காந்துகினு அவ கழுத்தையே பாத்துகினு வந்தேன்டா. ஒரு தபா நடுங்கல. ஒரு தபா திரும்பிப் பாக்கல. நீ அலறினே, கையப் புடிச்சி இழுத்தே. அவ அவ வேலையப் பாத்தா. அவ்ளோ வேல தெரிஞ்சவள ஊட்ல உக்கார வெச்சி நான் இன்னா பண்ணப் போறேன்? பயம் போவாது. நான் சாவற வரைக்கும் போவாது. பயப்படறது என் வேலை, அத நான் பாத்துக்கறேன்."

பிறகு ஹேமாவுக்குப் போன் போட்டுக் கொடுக்கச் சொன்னாள். போட்டுக் கொடுத்தேன்.

"எழுந்துட்டியா? ஏதாச்சும் துன்னியா?" என்று கேட்டாள். அப்புறம், "வாணாம்னு நான் சொல்லல. கேட்டுதா? சொல்லல" என்றாள்.

அக்கா மொட்டைத் தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமல், மகள் அழுது முடிக்கும்வரை அந்தக் கூட்டத்திலேயே நின்றாள்.